கட்டாமல் விட்ட அணை

அணை கட்டுகிறவர்களுக்கு ஓர் இடம் பிடித்துப்போக இரண்டு லட்சணங்கள் போதும். வாய் குறுகலாக இருக்க வேண்டும். வயிறு அகலமாக இருக்க வேண்டும். வாய் குறுகல் என்றால் சுவர் சின்னதாக முடிந்துவிடும், வயிறு அகலம் என்றால் தண்ணீர் நிறைய நிற்கும். இதை எனக்குச் சொன்னவர் என் மாமனார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; பணிக்காலத்தின் பெரும்பகுதியை நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டத்தில், கெத்தை பவர் ஹவுஸில் கழித்தவர். அவர் இதைச் சொன்ன இடம், கேரளத்தின் சைலண்ட் வேலி தேசியப் பூங்காவில் சைரந்திரி என்ற இடத்தில் நிற்கும் இரும்புக் கோபுரத்தின் உச்சி. முப்பது மீட்டர் உயரம். காற்றுக்குக் கோபுரம் லேசாக அதிர்ந்தது. நான் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரோ கையை நீட்டி, "பாருங்கள் மாப்பிள்ளை, எவ்வளவு அருமையான இடம்!" என்றார்.

அவர் காட்டைச் சொல்லவில்லை.

கீழே குந்திப்புழை இரண்டு மலைகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடுகிறது. வடக்கே பார்த்தால் பள்ளத்தாக்கு விரிந்து போகிறது. கண் எட்டும் வரை மரங்களின் தலைகள். நாங்கள் போனது மாசி மாதம் என்பதால் நாங்கு மரங்கள் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருந்தன. பச்சைக்கு நடுவே ஆங்காங்கே பழைய பித்தளைப் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தது போல அவை மட்டும் தனியாகத் தெரிந்தன. அந்தப் பள்ளத்தாக்கு முடிந்து ஆறு மலையிடுக்குக்குள் நுழைகிற கழுத்துப் பகுதியில்தான், ஏறத்தாழ 130 மீட்டர் உயரத்துக்கு ஓர் அணை எழும்பியிருக்க வேண்டும். கேரள மின்வாரியம் போட்ட கணக்குப்படி நடந்திருந்தால், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த காட்டில் 8.3 சதுர கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில் போயிருக்கும். கோபுரத்துக்கு வேலையே இருந்திருக்காது, படகுத்துறை இருந்திருக்கும்.

சைலண்ட் வேலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்த அணையைத் தடுத்து நிறுத்திய போராட்டத்தில் தொடங்கி வெற்றியில் முடிக்கிறார்கள். எனக்கு அதைவிட வியப்பாக இருப்பது அந்த இடத்தின் அமைப்பு. இந்தக் காட்டை இத்தனை காலம் காத்ததும் அந்த இடுக்குதான். கிட்டத்தட்ட மூழ்கடிக்க இருந்ததும் அதே இடுக்குதான்.

வடக்கே நீலகிரிப் பீடபூமியின் விளிம்பு செங்குத்தாக இறங்குகிறது. அங்கே அங்கிண்டா சிகரம் 2,383 மீட்டர். கிழக்கே அட்டப்பாடியைப் பிரிக்கும் மலைத்தொடர், மேற்கே நிலம்பூர்ப் பக்கத்துச் சரிவுகள். தெற்குப் பக்கம் ஆறு தனக்கு வழி அறுத்துக்கொண்டு மண்ணார்க்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் பாறை இடுக்கு. ஆக, எந்தப் பக்கத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு உள்ளே வர முடியாது. வெள்ளைக்காரர்கள் வயநாட்டையும் நீலகிரியையும் ஆனைமலையையும் காப்பியும் தேயிலையுமாக மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு பெரும்பாலும் தப்பித்தது, இதன்மேல் யாருக்கோ பக்தி இருந்ததால் அல்ல. இது கைக்கு எட்டாத இடத்தில் இருந்ததால். 1847-இல் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் இங்கே வந்து செடிகொடிகளைச் சேகரித்தார். 1914-இல் ஒதுக்குக்காடு ஆனது. 1928-லேயே, அதாவது சுதந்திரத்துக்கு வெகுகாலம் முன்பே, சைரந்திரியில் மின்சாரம் எடுக்கலாம் என்று ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது.

"கன்னிக்காடு", "மனிதக் காலடி படாத காடு" என்றெல்லாம் பலகையில் எழுதுவார்கள். அது உண்மை இல்லை. 1927 முதல் 1976 வரை பள்ளத்தாக்கின் சில பகுதிகளில் மரம் வெட்டு நடந்திருக்கிறது. முடுகர், இருளர், குறும்பர் என்று அட்டப்பாடிப் பழங்குடிகளின் கால்கள் இந்த மலைகளில் எத்தனையோ தலைமுறைகளாக நடந்திருக்கின்றன. 5 கோடி ஆண்டுப் பழமையான காடு என்ற பெருமையையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வயது இந்தவகைக் காட்டின் பரம்பரைக்கு உரியது. நிற்கிற மரத்துக்கு அல்ல. ஆனால் இந்தக் கழித்தல்களை எல்லாம் செய்த பிறகும் மிஞ்சுவது சாதாரணமானது இல்லை. தானே முளைத்து, தானே வளர்ந்து, தானே விழுந்து மக்கும் பெரிய மரங்கள் விட்டுவிட்டு அல்லாமல் தொடர்ச்சியாக நிற்கும் காடு மேற்குத் தொடர்ச்சி மலையில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் விரலை மடக்கி எண்ணிவிடலாம்.

கோபுரத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கும் பாதை ஒன்றரைக் கிலோமீட்டர்தான். முக்காலியிலிருந்து ஜீப்பில் 23 கிலோமீட்டர் குலுங்கி வந்தவர்களுக்கு, 'இதற்குத்தானா' என்று தோன்றும் தூரம். எங்கள் ஜீப்பில் வந்த ஒரு குடும்பம் பாதித் தூரத்திலேயே திரும்பிவிட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மழைக்காட்டில் கண்ணுக்கு உடனே விருந்து கிடைக்காது. நிழல், ஈரம், வேர், இன்னும் நிழல். யானையும் புலியும் வரிசையில் நிற்கும் என்று எண்ணி வந்தவர்களுக்கு அது ஏமாற்றம்தான்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அட்டப்பாடி இருளர். மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசினார். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. மாமனார் அவரைத் 'தம்பி' என்றார், அவர் மாமனாரை 'ஐயா' என்றார். அதன் பிறகு நான் அங்கே தேவைப்படவில்லை. பாதையோரம் ஒரு மரத்தடியில் அவர் நின்று குனிந்து, கீழே சிதறிக் கிடந்த எதையோ கை நிறைய அள்ளினார். முதலில் காய்ந்த புழுக்கூடு என்றுதான் நினைத்தேன். விரல் பாதி நீளம், மங்கிய பழுப்பு, மேலெல்லாம் பொடிபோல் ரோமம். வெடிப்பலாவின் பூ. இதழே கிடையாது. கிளையின் நுனியில் பூக்காமல், தடித்த கிளையின் தோலிலிருந்தே கொத்துக்கொத்தாகப் புறப்படுகிற பூ. அண்ணாந்து பார்த்தால் பெரிய கிளைகள் எல்லாம் பாசி பிடித்தது போல இருந்தன. பாசி அல்ல, அத்தனையும் பூ. அவர் ஒன்றைப் பொறுக்கிக் காட்டினார். அடிப்பக்கம் கடிபட்டிருந்தது, தேன் இருக்கும் இடம் மட்டும் போயிருந்தது.

"சோலைமந்தி, ஐயா. இன்றைக்குக் காலையில்தான் வந்து போயிருக்கிறது" என்றார்.

பூக்கிற பருவத்தில் சோலைமந்திக்கு வெடிப்பலாப் பூதான் பெரிய ஆதாரம். பிறகு முள் நிறைந்த அதன் காய் முற்றும்போது பிளந்து விதையைத் தின்னும். மலையணில், கருமந்தி, வௌவால், மரநாய் என்று வேறு பல ஜீவன்களுக்கும் இந்த மரம் சோறு போடுகிறது. சிங்கத்தினுடையதைப் போல் குஞ்சம் வைத்த வாலும் முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரியும் கொண்ட சோலைமந்தி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. மர உச்சிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் காட்டில் அது தரைக்கு இறங்குவது அபூர்வம். ஒரு கூட்டத்துக்குப் பல சதுர கிலோமீட்டர் காடு வேண்டும். அதுவும் அறுபடாமல் வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த 8.3 சதுர கிலோமீட்டரைப் பார்க்க வேண்டும். திட்டத்தை ஆதரித்தவர்கள் கேட்ட கேள்வி மேலோட்டத்தில் நியாயமானது. மொத்தம் 89.52 சதுர கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட மூழ்கப்போவதில்லை, மீதி இருக்கிறதே, அதில் குரங்குகள் பிழைத்துக்கொள்ளாதா? அந்தக் காலத்தில் மலபார் மாவட்டங்களில் மின்சாரம் பற்றாக்குறை. பாசனமும் வேலையும் வரும் என்ற வாக்குறுதி வேறு. குரங்கா மனிதனா என்று மேடைகளில் முழங்கினார்கள். ஆனால் மூழ்கப்போனது ஏதோ ஒரு பத்தில் ஒரு பங்கு அல்ல. ஆற்றங்கரைச் சமதளம், பள்ளத்தாக்கின் நடுப்பகுதி. மரங்கள் மிக உயரமாக வளர்வதும் அங்கேதான், இரு கரைக் காடுகள் கைகோத்துக்கொள்வதும் அங்கேதான். அதில் நீர்த்தேக்கத்தை விரித்தால் காடு குறைவதோடு நிற்காது, இரண்டாகப் பிளக்கும். அணை வேலைக்கு வரும் ஆயிரக்கணக்கானவர்களின் குடியிருப்பு, சாலை, விறகு எல்லாம் கணக்கில் சேராத செலவு.

இந்த வாதத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கத்தின் ஆசிரியர்கள். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் எழுதினார், பேசினார். பரிஷத் குழு திட்டத்தின் மின்சாரக் கணக்கையும் பொருளாதாரக் கணக்கையும் பிரித்து மேய்ந்து அறிக்கை போட்டது. கவிஞர் சுகதகுமாரி போன்றவர்கள் கவிதையோடு வந்தார்கள். 1978-இல் அஷ்காபாத்தில் கூடிய பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, இந்தக் காட்டையும் நம்முடைய களக்காட்டையும் சேர்த்துக் காக்கச் சொன்னது. களக்காட்டைத் தமிழ்நாடு 1976-லேயே இதே சோலைமந்திக்காகச் சரணாலயமாக அறிவித்திருந்தது. அதை நாம் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. நீதிமன்றம், குழுக்கள், மறு குழுக்கள் என்று இழுத்தடித்து, அறிவியலாளர் எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று தேசியப் பூங்கா என்று அறிவிப்பு வந்தபோது, அதற்குக் காரணமாக இருந்த இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. 1985 செப்டம்பர் 7-இல் ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்தார்.

தமிழர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒரு தாள் இதற்கு நடுவே இருக்கிறது. 1979-இல் அப்போது மத்திய வேளாண் துறைச் செயலாளராக இருந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஒரு பரிந்துரை கொடுத்தார். சைலண்ட் வேலியின் 89.52 சதுர கிலோமீட்டரை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள். நியூ அமரம்பலம் 80, அட்டப்பாடி 120, தமிழ்நாட்டின் குந்தா 100 என்று சேர்த்து 389.52 சதுர கிலோமீட்டரை ஒரே மழைக்காட்டுக் காப்பகமாக ஆக்குங்கள் என்றார். மாநில எல்லை மரத்துக்குத் தெரியாது என்பது அதன் சாரம். 1986-இல் கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம் என்று மூன்று மாநிலங்களிலும் பரவிய நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் வந்தபோது அந்த யோசனை இன்னும் பெரிய அளவில் நிறைவேறியது.

குந்தா என்ற பெயரைக் கேட்டதும் மாமனாரின் முகம் மலர்ந்தது. சைலண்ட் வேலியின் வடக்கு விளிம்பில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் அவருடைய ராஜ்ஜியம். 1950-களிலும் 60-களிலும் கனடாவின் உதவியோடு எழுந்த திட்டம். அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, போர்த்திமந்து என்று அணைக்குமேல் அணை, மலைக்குள் சுரங்கம், சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்கள். கோவையின் மில்கள் ஓடியதில் அதற்கு நல்ல பங்கு உண்டு. ஒரே மலை. இந்த முகத்தில் ஓர் அணைகூட வேண்டாம் என்று நிறுத்தினார்கள். அந்த முகத்தில் ஓர் ஓடையைக்கூட விட்டுவைக்கவில்லை. குந்தாவுக்காக எத்தனை சோலைகளும் புல்வெளிகளும் மூழ்கின என்று அன்றைக்கு யாரும் மேடை போட்டுக் கேட்கவில்லை. கேட்கிற காலம் அப்போது வரவில்லை, அவ்வளவுதான்.

நான் கோவையில் பிறந்தவன். சிறுவாணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன். சிறுவாணி அணையும் இதே பாலக்காடு மாவட்டத்துக் காட்டில்தான் இருக்கிறது. ஆகவே அணைகளைப் பொதுவாகத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. மாமனாரிடம் நேராகவே கேட்டேன்: "இங்கே கட்டியிருக்கலாம் என்கிறீர்களா?" சற்று யோசித்தார். "இன்ஜினியராகக் கேட்டால், இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் எல்லா நல்ல இடத்திலும் கட்டிவிட்டால், பிறகு எதைக் காட்டித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்வது?" என்றார். நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய பதில். ஆனால் அதே மூச்சில், அந்தக் காலத்து ஆள்களுக்குச் சுரங்கம் தோண்டத் தெரிந்த அளவுக்கு இந்தக் காலத்து ஆள்களுக்குக் கோப்பு நகர்த்தக்கூடத் தெரியவில்லை என்று வேறு பக்கம் தாவிவிட்டார்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை இந்தப் பயணத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக அட்டப்பாடிக்குள் நுழைந்தால் முதலில் வருவது மழை மறைவுப் பிரதேசம். முள் மரங்கள், கள்ளி, வெள்ளாடுகள், சிவந்த மண். அகளியைத் தாண்டி மேற்கே போகப்போக வேலியோரம் பசுமை ஏறுகிறது. முக்காலிக்கு வந்தால் பாக்கு மரமும் காப்பிச் செடியும் ஈரக் காற்றும். பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வேறு நாட்டுக்கு வந்தது போலிருக்கும். முக்காலியில் பாறைகளில் மோதி ஓடுகிற ஆறு பவானி. மேட்டுப்பாளையத்தில் நாம் பார்க்கிற அதே பவானி. பவானிசாகரை நிரப்பி, கூடுதுறையில் காவிரியில் விழுகிற பவானி. மலைமுகட்டின் அந்தப் பக்கம் விழுந்த மழை குந்திப்புழையாகித் தூதப்புழையில் சேர்ந்து, பாரதப்புழை வழியாகப் பொன்னானியில் அரபிக் கடலுக்குப் போகிறது. இந்தப் பக்கம் விழுந்தது வங்கக் கடலுக்கு வருகிறது. முகட்டில் நிற்கும் ஒரு மரத்துக்கு இரண்டு கடலிலும் பங்கு உண்டு.

ஆற்றங்கரையில் எங்களுக்குக் கிடைத்தது அரை மணி நேரம். தண்ணீர் கண்ணாடி போல என்று எழுதினால் தேய்ந்த சொல். இடுப்பளவு ஆழத்தில் கிடந்த கூழாங்கல்லின் வரிகள் தெரிந்தன என்று மட்டும் சொல்கிறேன். சில்வண்டே கத்தாத காடு என்று இதைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளிலும் இருக்கும். நாங்கள் நின்ற இடத்தில் நன்றாகவே கத்தின. சோலைமந்தி கண்ணில் படவில்லை. இருவாச்சியின் இறக்கைச் சத்தம் மட்டும் மேலே எங்கோ ரயில் பெருமூச்சு விடுவது மாதிரிக் கேட்டு ஓய்ந்தது. ஆற்றங்கரைக்கு மேல் எங்களுக்கு அனுமதி இல்லை.

இந்த 'அனுமதி இல்லை'தான் திரும்பும் ஜீப் முழுக்கப் பேச்சு. இவ்வளவு பெரிய காட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டும் காட்டுகிறார்களே, இரண்டு நாள் நடக்கிற மாதிரி ஒரு தடம் போட்டால் என்ன, வருமானமும் வருமே என்று ஓர் இளைஞர் விடாமல் வாதாடினார். எனக்கும் ஆசைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரியிலிருந்து மலபாருக்கு இறங்கிய சிஸ்பாராக் கணவாய்ப் பாதை இந்தக் காட்டின் வடக்கு ஓரத்தில்தான் இருக்கிறது. அதில் நடக்க வேண்டும் என்பது என் பழைய கனவு. ஆனால் கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஊட்டியும் கொடைக்கானலும் நமக்கு இலவசமாகப் பாடம் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. எட்டாத இடம் என்பதுதான் இந்தக் காட்டின் முதல் பாதுகாப்பு. மலை அதைச் செய்து கொடுத்தது. இப்போது சாலை வந்துவிட்டதால் அந்த வேலையைச் சோதனைச் சாவடிக்காரர் செய்கிறார். மலைபோல் அவர் உறுதியாக இருக்கட்டும் என்பதே என் வேண்டுதல்.

ஏனென்றால் அந்த இடுக்கின் மேல் ஆசை தீர்ந்துவிடவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, பூங்கா எல்லைக்குச் சற்றே கீழே பத்ரக்கடவில், சிறிய அணை, காடு அதிகம் மூழ்காது என்று புதுத் திட்டம் ஒன்று எழுந்தது. இடுக்கு அதே இடுக்கு. மறுபடியும் எதிர்ப்பு கிளம்பி, 2007-இல் பூங்காவைச் சுற்றி 148 சதுர கிலோமீட்டரைத் தாங்கல் மண்டலமாக (பஃபர் ஸோன்) அறிவித்தார்கள். 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது சைலண்ட் வேலியும் அதில் ஒன்றாக இருந்தது. இத்தனை அரண் போட்டிருக்கிறார்களே என்று நிம்மதி கொள்வதா, இத்தனை அரண் தேவைப்படுகிறதே என்று கவலைப்படுவதா என்பது அவரவர் சுபாவத்தைப் பொறுத்தது.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் போனால் காடு அதன் முழு அழகில் இருக்கும், அட்டைகளும் முழுப் பசியில் இருக்கும், உப்பும் நீளமான காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பருக்குப் பிறகு போனால் அட்டைத் தொல்லை குறைவு, வெடிப்பலாப் பூவையும் பார்க்கலாம். முக்காலிக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். உள்ளே விடும் ஜீப்புகளுக்கு அளவு உண்டு, சொந்த வண்டி உதவாது. வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. இன்னும் நடக்க வேண்டும் என்பவர்கள் முக்காலிப் பக்கம் கருவாரா அருவிக்குப் போகும் பாதையைக் கேட்டுப் பார்க்கலாம். வழிகாட்டியாக வருபவரிடம் புலி எங்கே என்று கேட்காமல், எந்த மரம் இப்போது பூத்திருக்கிறது என்று கேளுங்கள். எங்களுக்கு அதற்குப் பிறகுதான் அவர் வாய் திறந்தார்.